திறந்த கதவை எப்படி அளப்பது?

(லண்டனில் தமிழ்ப் பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சில வருடங்களுக்கு முன், குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, எங்கள் வட்டாரத்து இளையோர் மையத்தின் வாசலில் கையில் ஒரு படிவத்தோடு நின்றேன். உள்ளூராட்சிக் கவுன்சில் காசில் நடக்கிற மையம் அது. வாரத்தில் ஒரு நாள் நான் அங்கே தொண்டுக்குப் போய்வந்தேன். அந்த மையத்தால் என்ன பயன் என்று கவுன்சில் மூன்று மாதத்தில் மதிப்பிட்டுப் பார்க்க விரும்பியது. அதற்கு முதல் வேலை உள்ளே வருகிற பிள்ளைகளை எண்ணுவது. அன்று மாலை 31 பேர் வந்தார்கள். 31 என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் என்ன எழுதினேன் என்று யோசித்தேன். அந்த 31 பேரில் பாதிப் பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள். சிலர் பூல் மேசைக்காக வந்தார்கள். இரண்டு பெண்பிள்ளைகள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். மண்டபம் முழுக்கப் பையன்கள் என்று கண்டதும் திரும்பிப் போனார்கள். அவர்களையும் நான் எண்ணியிருந்தேன். இன்னொரு பையன், பதினைந்து வயதிருக்கும். ஐந்து மாதமாக ஒவ்வொரு செவ்வாயும் வருவான். இரண்டு துண்டு பாண் வாட்டிச் சாப்பிடுவான். ஹீற்றருக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்பான். ஒன்பது மணிக்குப் போய்விடுவான். அன்றுதான் அவன் அங்கே வேலை செய்கிற பெண்ணிடம் முதல் தடவையாக வாய் திறந்தான். என்ன சொன்னான் என்பதை இந்த மேடையில் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவன் பேசி முடித்த பிறகு அந்தப் பெண் நெடுநேரம் அலுவலக அறையில் தொலைபேசியும் கையுமாக இருந்தார் என்பதை மட்டும் சொல்லலாம். என் படிவத்தில் அவனும் ஒன்று, மழைக்கு ஒதுங்கினவனும் ஒன்று.

அந்த 31-ஐப் பற்றித்தான் இன்றைக்கு உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

யூத் கிளப் என்று நாம் சொல்கிற இந்த இடத்துக்குள் நம்மில் பலர் கால் வைத்ததில்லை. நான் அங்கே போகத் தொடங்கிய காலத்தில் எங்கள் தெருவில் இருக்கிற ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “அங்கை என்ன படிப்பிக்கினம் அண்ணை?” “ஒண்டும் படிப்பிக்கிறேல்லைத் தங்கச்சி” என்றேன். “பிறகென்னத்துக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிறு கணக்கு ரியூஷன், நடுவில் மிருதங்கம் என்று பிள்ளைகளின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு பலன் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். கவுன்சில் கேட்பதும் அந்தத் தாய் கேட்டதும் ஒரே கேள்விதான்.

மையம் நடக்கிற விதத்தைச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு கதவைத் திறப்பார்கள். யாரும் வரலாம். எப்போதும் போகலாம். பாடத்திட்டம் கிடையாது, பரீட்சை கிடையாது. மேசைப்பந்து, பூல், ஒரு சமையலறை, சில இடங்களில் இசைப் பதிவுக்கு ஒரு சின்ன அறை. அங்கே வேலை செய்கிறவர்களைப் பிள்ளைகள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நம்மவர்களுக்கு அது முதலில் உறுத்தும். பிள்ளை தானாக விரும்பி வருகிறது என்பதில்தான் அந்த இடத்தின் உயிர் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கேட்டால் பிள்ளை பதில் சொல்லியே ஆகவேண்டும். இங்கே பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடும். ஆகவே இங்கே ஒரு பிள்ளை ஒரு பெரியவரை நம்பிப் பேசினால், வேறு போக்கிடம் இருந்தும் பேசியிருக்கிறது என்று பொருள். ஆனால் மதிப்பிட வருகிறவருக்குத் தலைவலியும் இதனால்தான். சேர்க்கைப் பதிவு இல்லாத இடத்தில், தொடக்கமும் முடிவும் இல்லாத இடத்தில், எதை எதோடு ஒப்பிடுவது?

இந்தக் கேள்வி எப்படி வந்தது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போகிறேன். இந்த நாட்டில் அரசாங்கம் இளையோர் பணியைக் கையில் எடுத்தது போர்க்காலத்தில். 1939 நவம்பரில், போர் தொடங்கிய மூன்றாம் மாதம், கல்விச் சபை ஒரு சுற்றறிக்கை விட்டு உள்ளூராட்சிகளை இந்தப் பணியில் இறக்கியது. போர் முடிந்ததும் ஆர்வம் தளர்ந்தது. 1958-இல் அல்பமார்ல் சீமாட்டியின் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அறிக்கை 1960-இல் வந்தது. கட்டாய இராணுவ சேவை முடிவுக்கு வந்துகொண்டிருந்த வேளை; போருக்குப் பின் பிறந்த பெரும் தலைமுறை பதின்வயதை எட்டிக்கொண்டிருந்தது. அந்த அறிக்கைக்குப் பிறகு நாடு முழுவதும் இளையோர் மையக் கட்டடங்கள் எழுந்தன. ஊழியர்களைப் பயிற்றுவிக்க லெஸ்டரில் ஒரு தேசியக் கல்லூரியும் வந்தது. இன்றைக்கும் சில வட்டாரங்களில் தட்டைக் கூரையோடு நிற்கிற பழைய மையங்கள் அந்த எழுச்சியின் மிச்சங்கள்.

மதிப்பீடு என்ற பேச்சு பலமாக எழுந்தது 2002-இல். அந்த வருடம் கல்வி அமைச்சு கவுன்சில்களுக்கு இலக்கு வைத்தது. வட்டாரத்தில் 13 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 25 சதவீதத்தினரையாவது எட்ட வேண்டும். 15 சதவீதத்தினர் பங்கெடுக்க வேண்டும். பங்கெடுத்தவர்களில் 60 சதவீதத்தினருக்குப் பதிவில் காட்டக்கூடிய ஒரு பலன் இருக்க வேண்டும். 30 சதவீதத்தினர் ஏதாவது ஒரு சான்றிதழ் பெற வேண்டும்.

இந்த இலக்குகளை வைத்தவர்கள் கெட்ட நோக்கத்தோடு வைக்கவில்லை. ஒரு கவுன்சில் இளையோருக்கு நிறையச் செலவழிக்கும், பக்கத்துக் கவுன்சில் கிள்ளித் தெளிக்கும் என்ற நிலை இருந்தது. அதற்கு ஒரு கீழ் எல்லை வேண்டும் என்று நினைத்தார்கள். ஆனால் அந்தக் கணக்கை ஹீற்றருக்குப் பக்கத்தில் நின்ற பையனிடம் கொண்டுபோய்ப் பாருங்கள். ஐந்து மாதம் அவன் பாண் சாப்பிட்டான். பதிவில் காட்ட என்ன இருக்கிறது? எந்தச் சான்றிதழ் கொடுப்பது? முப்பது பேரில் ஒன்பது சான்றிதழ் காட்டியாக வேண்டிய ஊழியர் தன் மாலை நேரத்தை எந்தப் பிள்ளையிடம் செலவிடுவார்? கொஞ்சம் ஊக்கினால் சான்றிதழ் வாங்கிவிடக்கூடிய பிள்ளையிடம். அந்தப் பிள்ளைக்கு அது வேறிடத்திலும் கிடைத்திருக்கும்.

இதை எதிர்த்து 2009-இல் இளையோர் ஊழியர்கள் ஒரு திறந்த மடல் வெளியிட்டார்கள். இளையோர் பணியைக் காக்கும் இயக்கம் ஒன்று அதிலிருந்து பிறந்தது. எண்ணிக்கையை விடுங்கள், நடந்ததைக் கேளுங்கள் என்பது அவர்கள் வாதம். தங்கள் அனுபவங்களைக் கதைகளாக எழுதி 2011-இல் நூலாகவும் கொண்டுவந்தார்கள். அந்த வாதத்தில் என் மனம் இருக்கிறது. நானும் இந்த உரையை ஒரு கதையோடுதான் தொடங்கினேன்.

ஆனால் கதை மட்டும் போதும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதற்குக் காரணம் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை.

மசாசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்று இரண்டு ஊர்கள். ரிச்சர்ட் கபோட் என்ற மருத்துவர் அங்கே வறிய குடும்பங்களின் பையன்களுக்காக ஒரு திட்டம் வகுத்தார். 506 பையன்கள். வயது, குடும்பம், சுபாவம் பார்த்து இரண்டிரண்டாக இணை சேர்த்தார்கள். ஒவ்வொரு இணையிலும் யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தார்கள். 1939 முதல் 1945 வரை 253 பையன்களுக்கு ஆலோசகர்கள் வீடு தேடிப் போனார்கள். பாடம் சொல்லிக் கொடுத்தார்கள், மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள், கோடை முகாமுக்கு அனுப்பினார்கள். மற்ற 253 பேருக்கு எதுவும் இல்லை.

முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கோர்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் புறப்பட்டார். உதவி பெற்றவர்களிடம் அந்தத் திட்டம் உங்களுக்குப் பயன்பட்டதா என்று கேட்டார். மூன்றில் இரண்டு பங்கினர் ஆம் என்றார்கள். நெகிழ்ந்து நினைவுகூர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. பிறகு அவர் நீதிமன்றப் பதிவுகளையும் மருத்துவப் பதிவுகளையும் இறப்புப் பதிவுகளையும் எடுத்து இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டார். 1978-இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்றவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது. இரண்டாவது குற்றம் செய்தவர்கள் அவர்களில் கூட. குடிக்கு அடிமையானதன் அறிகுறி அவர்களில் கூட. அவர்களில் இறந்தவர்கள் இளவயதிலேயே இறந்திருந்தார்கள். பல வருடம் கழித்து அதே தரவுகளை அவர் மீண்டும் துருவியபோது, கோடை முகாமுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களிடம் கேடு அதிகம் என்று தெரிந்தது.

இதை முதலில் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்களுக்கு இது உதவியதா என்று பிள்ளைகளிடம் கேட்டு, ஆம் என்ற பதிலை எண்ணித்தான் எங்கள் மையமும் வருட அறிக்கை எழுதி வந்தது. அந்த ஆம் உண்மையான ஆம். அன்போடு சொன்ன ஆம். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இந்த மையம் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்தப் பிள்ளையாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

சுவீடனில் நடந்த ஆய்வுகள் நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானவை. அந்த நாட்டில் ஏறத்தாழ ஒவ்வொரு ஊராட்சியும் தன் செலவில் இளையோருக்கு ஓய்வுநேர மையம் நடத்துகிறது. மாலையில் கதவு திறந்திருக்கும். பூல், டார்ட்ஸ், தொலைக்காட்சி, பாட்டு, கோப்பி. பெரியவர்கள் இருப்பார்கள், ஆனால் பிள்ளைகளை எதிலும் இறக்கிவிட மாட்டார்கள். ஓரெப்ரூ நகரத்துப் பிள்ளைகளை டேவிட் மக்னுசன் என்ற உளவியலாளர் 1960-களின் நடுவிலிருந்து பின்தொடர்ந்து வந்தார். அந்தத் தரவிலிருந்து ஜோசப் மஹோனி, ஹோகன் ஸ்டாட்டின், மக்னுசன் மூவரும் 498 பையன்களை எடுத்தார்கள். பத்து வயது முதல் முப்பது வயது வரை, இருபது வருடக் கதை. 2001-இல் வெளியிட்டார்கள். பதின்மூன்று வயதில் அந்த மையங்களுக்கு அடிக்கடி போன பையன்கள் பிற்பாடு குற்றத்தில் இறங்குவதும் அதில் நீடிப்பதும் கூடுதலாக இருந்தது. படிப்பிலும் பழக்கத்திலும் முன்பே இருந்த வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு அழியவில்லை.

பிரிட்டனிலும் 1970-இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து பார்த்து வருகிற பெரிய ஆய்வொன்று உண்டு. அதிலும் பதினாறு வயதில் யூத் கிளப்புக்குப் போனவர்கள் முப்பது வயதில் சற்றுப் பின்தங்கியே காணப்பட்டார்கள்.

பெற்றோரே, இதைக் கேட்டதும் ‘நாங்கள் பிள்ளையை அனுப்பாதது சரிதான்’ என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குப் புரிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அதே மஹோனியும் ஸ்டாட்டினும் ஒரு வருடம் முன்னதாக, 2000-இல், பதினான்கு வயதுப் பிள்ளைகள் 703 பேரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். பயிற்றுநர் இருந்து, நேரம் குறித்து, ஏதாவது ஒன்றைக் கற்றுச் செய்கிற ஈடுபாடுகளில் இருந்த பிள்ளைகளிடம் தீய நடத்தை குறைவு. ஒழுங்கில்லாமல் வெறுமனே கூடுகிற இடங்களில் இருந்தவர்களிடம் அதிகம். அந்த இரண்டாவது கூட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி அவர்கள் சொன்ன இரண்டு விஷயங்களை நான் மறக்கவில்லை. பெற்றோரோடு உறவு சரியில்லாதவர்கள் அவர்கள். தங்களை நடத்துகிற பெரியவரிடமிருந்தும் போதிய ஆதரவு கிடைக்காதவர்கள்.

இந்த இரண்டாவது விஷயத்தைத் தயவுசெய்து கவனியுங்கள். வீட்டில் அமைதி இல்லாத பிள்ளை வெளியே ஓர் இடம் தேடி வருகிறது. அந்த இடத்தில் விளக்கு எரிகிறது, பூல் மேசை இருக்கிறது, மூலையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அந்தப் பெரியவருக்கு அதன் பெயர் தெரியாது. அப்படியானால் அந்தப் பிள்ளை யாரிடம் போகும்? தன்னைப் போலவே வந்திருக்கிற, தன்னைவிட மூன்று வயது மூத்தவனிடம் போகும். சுவீடன் ஆய்வுகளை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

இனி லண்டனுக்கு வருகிறேன். 2010-க்குப் பிறகு மத்திய அரசு உள்ளூராட்சிகளுக்குக் கொடுத்த பணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. முதியோர் பராமரிப்பையும் ஆபத்தில் இருக்கும் குழந்தைகளையும் கவுன்சில் கைவிட முடியாது. ஆகவே வெட்டு இளையோர் மையங்களின் தலையில் விழுந்தது. ஒய்.எம்.சி.ஏ. போட்ட கணக்கின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இளையோர் சேவைக்கான உள்ளூராட்சிச் செலவு 2010-11-இல் 140 கோடி பவுண். 2018-19-இல் 43 கோடிக்கும் சற்றுக் கீழே. பத்தில் ஏழு பங்கு போய்விட்டது. லண்டனில் 2010-க்கும் 2019-க்கும் இடையில் யூத் கிளப்புகளில் 30 சதவீதம் மூடப்பட்டன.

இந்த மூடல்களை வைத்து நிதியியல் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த கார்மென் வில்லா என்ற பொருளியலாளர் ஓர் ஆய்வு செய்தார். 2024 நவம்பரில் வெளிவந்தது. எந்தக் கிளப் எப்போது மூடியது என்பதைத் தகவல் அறியும் சட்டத்தின் வழியாகக் கவுன்சில்களிடம் கேட்டு வாங்கினார். நடந்துபோகும் தூரத்தில் இருந்த கிளப்பை இழந்த பிள்ளைகளையும் இழக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டார். இதில் உள்ள நுட்பத்தைப் பாருங்கள். ஓரெப்ரூவில் மையத்துக்குப் போன பையனும் போகாத பையனும் தொடக்கத்திலேயே வேறு வேறு பையன்கள். எத்தனை கணக்குப் போட்டாலும் அந்த வேற்றுமையின் ஒரு பகுதி மிஞ்சிவிடும். லண்டனில் கதவு மூடியதற்குக் காரணம் கவுன்சிலின் வரவு செலவுத் திட்டம். பிள்ளையின் குணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அவர் கண்டது இது. கிளப்பை இழந்த பிள்ளைகளின் ஜி.சி.எஸ்.இ. பரீட்சைப் பெறுபேறு சராசரியாக ஒரு பாடத்தில் அரைத் தரம் அளவுக்கு இறங்கியது. பள்ளியில் இலவச மதிய உணவு பெறுகிற பிள்ளைகளிடம் சரிவு இன்னும் பெரிது. 10 முதல் 17 வயது வரையானவர்கள் குற்றத்தில் சிக்கும் வாய்ப்பு 14 சதவீதம் கூடியது. நூற்றுக்குப் பதினான்கு பிள்ளைகள் குற்றவாளிகள் ஆனார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. சிறிதாக இருந்த ஓர் அளவு அதன் ஏழில் ஒரு பங்கு கூடியது என்று பொருள். மூடியதால் மிச்சமான ஒவ்வொரு பவுணுக்கும் சமூகம் ஏறத்தாழ மூன்று பவுண் செலவைச் சுமக்கிறது என்றும் அவர் கணக்கிட்டார். மிச்சம் கவுன்சிலின் ஏட்டில் தெரியும். செலவு பொலிஸ், நீதிமன்றம், அந்தப் பிள்ளை வளர்ந்த பின் உழைக்காமல் போன சம்பளம் என்று சிதறிக் கிடக்கும். யார் ஏட்டிலும் அது ஒரு வரியாகத் தெரியாது.

“பிறகென்னத்துக்கு?” என்று கேட்ட அந்தத் தாய்க்கு என்னிடம் இப்போது ஒரு பதில் இருக்கிறது. ஒன்றும் படிப்பிக்காத இடத்தை மூடியபோது பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு இறங்கியது.

அப்படியானால் ஓரெப்ரூ பொய்யா? இல்லை என்பது என் கருத்து. அங்கே கேட்டது ஒரு கேள்வி, இங்கே கேட்டது வேறு கேள்வி. மையத்துக்குப் போகிற பிள்ளை எப்படிப்பட்ட பிள்ளை, உள்ளே யாரோடு பழகுகிறது என்பதை ஓரெப்ரூ காட்டியது. அந்த இடத்தைப் பிடுங்கிவிட்டால் பிள்ளை எங்கே போகிறது என்பதை லண்டன் காட்டியது. ஊழியர்களும் ஒரே மாதிரி இல்லை. மேசையருகே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறவர் வேறு, அந்தப் பணிக்கென்றே படித்தவர் வேறு. இங்கிலாந்தில் 2010 முதல் தகுதி பெற்ற இளையோர் ஊழியர் ஆக வேண்டுமானால் பட்டப்படிப்பு வேண்டும். ஐந்து மாதம் ஒரு பையனைப் பேச வற்புறுத்தாமல், அதே வேளையில் அவனைக் கவனிக்காமலும் விடாமல் இருப்பது தற்செயலாக வருகிற குணம் என்று நினைக்காதீர்கள். அது பயின்று வருவது.

இவ்வளவும் சொன்ன பிறகு எங்கள் மையத்தின் மூன்று மாத மதிப்பீட்டுக்குத் திரும்புகிறேன். அரைத் தர வேறுபாட்டை ஒரு மையத்தில், 31 பிள்ளைகளிடம், மூன்று மாதத்தில் காண முடியுமா? பத்து வருடத்திலும் முடியாது. ஒரு நகரம் முழுவதையும், ஆயிரக்கணக்கான பிள்ளைகளையும், பல வருடங்களையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் அது கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே ஒரு தனி மையத்தைப் பார்த்து, ‘குற்றம் குறைந்ததென்று நிரூபி, இல்லாவிட்டால் மூடுகிறோம்’ என்று கேட்பது அநியாயம். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல எந்த மையத்தாலும் முடியாது. பதில் சொல்கிற மையம் ஏதோ ஒரு எண்ணைத் தேடி எடுத்து ஒட்டியிருக்கும். மையங்கள் வேண்டுமா என்ற கேள்வியை நகர அளவில், நாட்டு அளவில் ஆராய்ச்சியாளர்கள் பார்க்கட்டும். அவர்கள் பார்த்தும் விட்டார்கள். ஒரு தனி மையத்திடம் கேட்க வேண்டியது, அது நல்லபடி நடக்கிறதா என்பதை.

நல்லபடி நடக்கிறது என்றால் என்ன? நான் பார்த்தவரையில் முதல் கேள்வி ஊழியரைப் பற்றியது. இன்று கதவைத் திறக்கிற ஆள் இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே கதவைத் திறந்தவரா? மாதத்துக்கு ஒரு முகம் மாறினால், அந்தப் பையன் ஐந்து மாதம் காத்திருந்து யாரிடம் பேசுவான்? வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்தத்தில் ஊழியரை வைத்திருக்கும் கவுன்சில், மையத்தைக் குறை சொல்லும் முன் தன் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். நிதி ஒரு வருடத்துக்கு மட்டும் வருகிற இடத்தில் நல்ல ஊழியர் கார்த்திகை மாதமே வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவார். பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும்.

அடுத்தது, வராதவர்கள். உள்ளே இருந்தவர்களைவிட வாசலோடு திரும்பிப் போன அந்த இரண்டு பெண்பிள்ளைகள் மையத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொன்னார்கள். அவர்களைப் பற்றி ஊழியர் கூட்டத்தில் பேசிய பிறகு, வாரத்தில் ஒரு மாலை பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கினோம். முதல் வாரங்களில் மூன்று பேர், நான்கு பேர். எண்ணிக்கை மட்டுமே அளவுகோல் என்றால் அந்த மாலையை அப்போதே மூடியிருக்க வேண்டும். தமிழ்ப் பெண்பிள்ளை ஒன்றுகூட வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கவுன்சிலைக் குறை சொல்ல மாட்டேன். அது நம்முடைய வீடுகளில் எடுக்கிற முடிவு. நம் பெண்பிள்ளைகள் ஒரு நம்பகமான பெரியவரோடு, பெற்றோரிடம் சொல்ல முடியாத ஒன்றைப் பேச எங்கே போகிறார்கள் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

பிறகு, விட்டுப்போனவர்கள். மூன்று மாதமாக ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால் அதை யாராவது கவனித்தார்களா? பூல் மேசையை எப்போதும் ஒரே கூட்டம் பிடித்து வைத்திருக்கிறதா? பதின்மூன்று வயதுப் பிள்ளையும் பதினெட்டு வயதுப் பையனும் ஒரே மூலையில் கூடுகிறபோது ஊழியர் எங்கே நிற்கிறார்? மேசைப்பந்தோடு நின்றுவிடாமல், விரும்புகிற பிள்ளை ஏறிச்செல்ல ஒரு படி இருக்கிறதா: ஒரு சமையல் வகுப்பு, ஓர் இசைப் பதிவு, ஒரு பயணம்? சுவீடன் நமக்குச் சொன்ன எச்சரிக்கை இந்தக் கேள்விகளுக்குள் இருக்கிறது. இதையெல்லாம் பார்க்கப் படிவம் உதவாது. முன்னறிவிப்பில்லாத சாதாரண நாளில் மதிப்பிடுகிறவர் போய் உட்கார வேண்டும், ஒரு நாள் பார்த்துவிட்டு முடிக்காமல் வருடத்தில் பல நாள். பிள்ளைகளையே பயிற்றுவித்துப் பார்வையாளர்களாக அனுப்பும் முறையும் இந்த நாட்டில் முன்பு நடந்திருக்கிறது. பெரியவர் கண்ணில் படாதது அவர்கள் கண்ணில் படும்.

கடைசியாகச் சட்டத்தைப் பற்றி. 1996-ஆம் வருடக் கல்விச் சட்டத்தில் 507பி என்ற பிரிவு இருக்கிறது. 13 முதல் 19 வயது வரையான இளையோருக்கும், கற்றல் இடர்ப்பாடோ மாற்றுத்திறனோ உள்ளவர்களுக்கு 25 வயது நிரம்பும் வரையும், ஓய்வுநேர வசதிகளைக் கவுன்சில் இயன்றவரை போதிய அளவில் உறுதிசெய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. போதிய அளவு எவ்வளவு என்று எண் எதுவும் அதில் இல்லை. அந்தத் தளர்ச்சியின் வழியாகத்தான் இத்தனை கதவுகள் மூடப்பட்டன. ஆனால் அதே பிரிவு, இளையோரின் கருத்தைக் கேட்டறிய வேண்டும் என்றும் கவுன்சிலைக் கட்டாயப்படுத்துகிறது. அந்தக் கேட்கும் கூட்டங்களுக்கு நம் பிள்ளைகள் போகிறார்களா? நாம் அனுப்புகிறோமா?

கவுன்சில் தன் வரியை ஒவ்வொரு வருடமும் மார்ச் 11-க்குள் தீர்மானித்தாக வேண்டும். எதை வெட்டுவது என்ற கருத்துக் கேட்பு அதற்கு முன்பே, குளிர்காலத்தில் நடக்கும். வீட்டுக்கு வருகிற அந்தக் கடிதத்தை, இணையத்தில் வருகிற அந்தப் படிவத்தை எறிந்துவிடாதீர்கள். நிரப்பும் முன் ஒரு மாலை உங்கள் வட்டாரத்து மையத்துக்குப் போய்வாருங்கள். பிள்ளைகள் கூடுகிற இடம். ஆகவே முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தொடர்ந்து தொண்டு செய்ய விரும்பினால் டி.பி.எஸ். என்கிற குற்றப் பின்னணிச் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். மையத்திலேயே வழி சொல்வார்கள். போகிறபோது உங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் மையம் செவ்வாய், வியாழன் மாலைகளில் இன்னும் திறந்திருக்கிறது.